பெரியவர் உதவியுடன்

இல்ல தம்பி, ஏறிப் போறது உங்க இஷ்டம். நான் தடுக்கல. ஒன்பதாவது மாடி, கையில மூணு பெட்டி, முதுகுல ஒரு மூட்டை, அதைத்தான் சொல்றேன். இந்த லிஃப்டுல பெரிய கோளாறு ஒண்ணுமில்ல. கதவுல ஆள் நிக்கறாங்களான்னு பாக்கற கண்ணு ஒண்ணு இருக்கும், அது மேல யாரோ ஒரு புண்ணியவான் பிளாஸ்திரி ஒட்டியிருக்காரு. சோபா ஏத்தற வரைக்கும் கதவு மூடக் கூடாதாம். ஒட்டத் தெரிஞ்சுது, பிரிக்கத் தோணல. அரை மணி நேரம் குடுங்க. அப்படிப் படிக்கட்டுல உக்காருங்க. அந்த டப்பா பக்கத்துல வேணாம், கிரீஸ். பட்டா போகாது. நல்ல நீலச் சட்டை.

அந்த நடுவுல இருக்கறது சமையல் பெட்டியா?

செருப்பா. சரி சரி. அளவு ஒரே மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன்.

சமையல் பெட்டின்னா தெரியாதா? கூரியர் வேலைல இருந்துட்டு... ஓ, சேர்ந்து ரெண்டு மாசந்தானா. அப்ப சரி. அது என்னன்னா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அளந்து, ஒரே பெட்டில போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூணு தக்காளி வேணும்னா மூணு தக்காளி. மிளகு ஒரு சின்னப் பொட்டலம். உப்புக்கும் ஒரு பொட்டலம். நம்ம வீட்ல உப்பு இருக்கும்னு அவங்க நம்பறதில்ல. கூடவே ஒரு அட்டை. படி ஒண்ணு, படி ரெண்டுன்னு படத்தோட போட்டிருக்கும். சின்னப் பிள்ளைங்களோட சேர்ந்து சமைக்கறதுக்குன்னே தனியா ஒரு வகை உண்டு. எங்களுக்கு வந்தது அது.

நான் வாங்கல. கல்யாணப் பரிசு. எங்க கம்பெனில மெக்கானிக்குங்க பதினோரு பேர் சேர்ந்து ஆறு மாசச் சந்தா கட்டிக் குடுத்தாங்க, வாரம் ஒரு பெட்டி. நாப்பத்தோரு வயசுல கல்யாணம் பண்றவனுக்கு என்ன குடுக்கறதுன்னு அவங்களுக்கும் தெரியல பாவம். சுவர்க் கடிகாரம் என்கிட்ட ஏற்கனவே ரெண்டு இருந்துச்சு.

ஆமா, போன வருஷ கடைசிலதான். பிள்ளைங்களா? அது வந்து, ரெடியாவே வந்தாங்க. பொண்ணுக்கு எட்டு, பையனுக்கு அஞ்சு. வீட்டம்மாவுக்கு இது ரெண்டாவது கல்யாணம், எனக்கு மொதலு. அனுபவம் அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. அவங்க ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்காங்க. சனிக்கிழமை காலைல ஆறு மணி டூட்டி, திரும்பி வர மூணு மணி ஆகும். எனக்குச் சனிக்கிழமை லீவு. அதனால சனிக்கிழமைன்னா நானும் அந்த ரெண்டு பேரும் மட்டுந்தான்.

அவங்க அப்பாவா? இருக்காரு. நல்ல மனுஷன்தான், வேற ஊர்ல இருக்காரு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் போன் பண்ணுவாரு. நாலு மணின்னா நாலு மணி, ஒரு நிமிஷம் தப்பாது. நான் அந்நேரம் மாடில துணி எடுக்கப் போயிடுவேன். துணி காஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.

பிரச்சனை என்னன்னா கூப்பிடறதுதான். என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு அதுங்களுக்குத் தெரியல. அப்பாங்கற இடத்துல ஆள் இருக்காரு, அது காலி இல்ல. அங்கிள்னு கூப்பிடட்டுமேன்னு வீட்டம்மா சொன்னாங்க. அங்கிள்னா பள்ளிக்கூட வேன் ஓட்டறவரு, அவருக்கு மீசை இருக்குன்னு பொண்ணு சொல்லிடுச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட மரியாதை இடிக்குது. கடைசில அதுங்க ஒரு வழி கண்டுபிடிச்சுதுங்க. கூப்பிடறதே இல்ல. ஏதாவது வேணும்னா பக்கத்துல வந்து நிக்கும். நான் திரும்பிப் பாக்கற வரைக்கும் நிக்கும். ஒரு நாள் மத்தியானம் கட்டில்ல கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா மூக்குக்கு நேரா ஒரு மூஞ்சி. எவ்வளவு நேரமாடா நிக்கறன்னு கேட்டேன். நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதுலேர்ந்துன்னான். தண்ணி வேணுமாம்.

ஒரு மாசம் இப்படித்தான். சண்டை இல்ல, அழுகை இல்ல, அடம் இல்ல. ரொம்ப மரியாதையான பிள்ளைங்க. ஆஸ்பத்திரில பக்கத்துப் படுக்கைக்காரங்க எப்படி இருப்பாங்க, அந்த மாதிரி.

அந்த ஸ்க்ரூடிரைவரக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. சிவப்புக் கைப்பிடி. ஆ, அதுதான்.

அப்பதான் மொதல் பெட்டி வந்துச்சு. சனிக்கிழமை பத்து மணி. உங்களை மாதிரியே நீலச் சட்டை போட்ட ஒருத்தர், பெரியவருன்னு சொல்ல முடியாது, என் வயசிருக்கும், கொண்டு வந்தாரு. போன் திரைல விரலால கையெழுத்துப் போடணும்னாரு. பொண்ணு போட்டுச்சு. எட்டு வருஷத்துல அது போட்ட மொதல் கையெழுத்து. முழுப் பேரு, இனிஷியல், கீழ ஒரு கோடு. அவரு பொறுமையா நின்னாரு.

காய் போட்ட நூடுல்ஸ். நான் சமையல்ல சுடுதண்ணியோட நின்னவன். பொண்ணு ஸ்டூல் மேல ஏறி நின்னு அட்டையைச் செய்தி வாசிக்கற மாதிரி வாசிச்சுது. படி ஒன்று. கைகளைக் கழுவவும். கழுவினோம். படி இரண்டு. காய்களை நிற வாரியாகப் பிரிக்கவும். பையன் பிரிச்சான். அஞ்சே காய், கால் மணி நேரம் ஆச்சு, ஏன்னா குடமிளகாயில பாதி பச்சை பாதி மஞ்சள். படி நாலு வந்துச்சு. பெரியவர் உதவியுடன் வெங்காயத்தை நறுக்கவும். அப்ப பையன் கேட்டான், யாரு பெரியவர்னு.

பொண்ணு ஸ்டூல்லேர்ந்து எறங்கி ஹாலைப் போய்ப் பாத்துச்சு. படுக்கை ரூமைப் பாத்துச்சு. வந்து சொல்லுச்சு, வேற யாரும் இல்லடா, இவருதான் இருக்காரு.

பையன் என்னைக் கீழேர்ந்து மேல பாத்தான். பாத்துட்டு, பெரியவரேன்னான்.

என்னன்னேன். வேற என்ன சொல்றது. வெங்காயத்தை நறுக்கவும்னான்.

நறுக்கினேன் தம்பி. கண்ணுல தண்ணி. வெங்காயம்னு வெச்சுக்கங்க.

அன்னிலேர்ந்து நான் பெரியவர். சனிக்கிழமை மட்டுமில்ல, வாரம் பூரா. பையன் என்கிட்ட அட்டைத் தமிழ்லதான் பேசுவான். பெரியவரே, கதவைத் திறக்கவும். பெரியவரே, ஷூ லேசைக் கட்டவும். ஒரு நாள் கழிவறைலேர்ந்து சத்தம், பெரியவர் உதவியுடன் கழுவவும்னு. ஓடினேன்.

சிரிங்க, பரவால்ல. இதைக் கேளுங்க. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு நான் கூப்பிடப் போனேன். டீச்சர் விட மாட்டேங்கறாங்க. இன்னிக்கு எங்க வீட்டுப் பெரியவர் வருவாருன்னு பையன் சொல்லியிருக்கான், நீங்க யாருங்கறாங்க. நான்தான் அந்தப் பெரியவர்ங்கறேன். அவங்க என் தலைமுடியைப் பாக்கறாங்க. டை அடிச்சிருந்தேன், கல்யாணத்துக்கு அடிச்சது, அப்புறம் விட முடியல. இல்லைங்க, வயசானவர்னு சொன்னான், கைத்தடி இருக்கும்னு நாங்க நினைச்சோம்ங்கறாங்க. கடைசில பையனையே கூப்பிட்டுக் கேட்டாங்க. இவரு உனக்கு யாருன்னு. அவன் யோசிச்சான். வெங்காயம் நறுக்கறவருன்னான். டீச்சர் வீட்டம்மாவுக்குப் போன் போட்டுத்தான் விட்டாங்க. அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். சரியாத்தான் பண்ணாங்க.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை இருக்கு. முட்டை உடைக்கறது பையன் வேலை. ஆறு முட்டை வந்தா நாலு வாணலிக்குள்ள விழும். மீதி ரெண்டு எங்கன்னு நாங்க கேக்கறதில்ல. பொண்ணு எல்லாத்தையும் அட்டைப்படி செய்யணும். மூணு நிமிடம் வதக்கவும்னு போட்டிருந்தா கடிகாரத்தைப் பாத்துட்டே நிக்கும், அது கருகினாலும் மூணு நிமிஷம் ஆகலியேங்கும். நானும் அப்படித்தான். சர்வீஸ் புக்ல இருபத்தஞ்சு வருஷம் ஓட்டினவன். எங்களுக்குள்ள அது ஒண்ணு ஒத்துப் போச்சு.

ஒன்பதாவது பெட்டியா, பத்தாவதான்னு ஞாபகமில்ல, பொண்ணு வாணலி கைப்பிடியைப் பிடிச்சுடுச்சு. சூடு. சத்தம் போடல. என் முன்னாடி வந்து கையை மட்டும் நீட்டுச்சு. குழாய்க்குக் கீழ கையைப் பிடிச்சுட்டு நின்னேன், பத்து நிமிஷம். ரெண்டு விரல்ல செவந்திருந்துச்சு, கொப்புளம் வரல. ஏழாவது நிமிஷமோ என்னவோ, அம்மாகிட்டச் சொல்லாதீங்க, பெட்டியை நிறுத்திடுவாங்கன்னு சொல்லுச்சு. தம்பி, அது என்கிட்டப் பேசினதுலேயே அட்டைல இல்லாத மொதல் வாக்கியம் அதுதான்.

சொன்னேன், சொல்லாம எப்படி. பிள்ளைக்குச் சூடு பட்டதைத் தாய்கிட்ட மறைக்கலாமா. ஆனா பெட்டி நிக்காத மாதிரி சொன்னேன். தப்பு வாணலி மேலன்னு சொன்னேன். புதுசா ஒண்ணு, மரக் கைப்பிடி போட்டது, வாங்கி வந்தோம்.

அப்படியே போயிட்டிருந்துச்சு. பதினஞ்சு பெட்டி.

அப்புறம் ஒரு மெசேஜ். அன்பான வாடிக்கையாளரே, எங்கள் சேவை இத்துடன் நிறைவடைகிறது, உங்கள் சமையலறையில் எங்களுக்கும் ஓர் இடம் அளித்தமைக்கு நன்றி. கம்பெனியை மூடிட்டாங்க. நான் அப்ப ஒரு பன்னெண்டு மாடிக் கட்டடத்துல லிஃப்ட் மோட்டார் ரூம்ல இருந்தேன். ரெண்டு தடவ படிச்சேன். வேலையைப் பாத்தேன். வீட்ல சொல்லல. என்னன்னு சொல்றது? சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, ஏதாவது தோணும்னு விட்டுட்டேன்.

ஒண்ணும் தோணல. சனிக்கிழமை பத்து மணிக்கு ரெண்டும் வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல போய் உக்காந்துடுச்சுங்க. கை கழுவிட்டு வந்து உக்காந்திருக்குங்க. படி ஒண்ணை முன்கூட்டியே முடிச்சாச்சாம். பதினொண்ணு ஆச்சு. கூரியர் லேட் போலன்னேன். பன்னெண்டு ஆச்சு. பொண்ணு எந்திரிச்சுச்சு. பரவால்லன்னுச்சு. யாருகிட்டன்னு தெரியல. தம்பியைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு ரூமுக்குப் போயிடுச்சு. கதவைச் சாத்துச்சு. அறைஞ்சு சாத்தல. மெதுவா.

ஓட்டல்ல வாங்கிக் குடுத்தேன். சாப்பிட்டுதுங்க. நன்றின்னு சொல்லுச்சுங்க.

சாயங்காலம் நான் உக்காந்து பேப்பர் பாத்துட்டிருக்கேன். பையன் வந்து பக்கத்துல நின்னான். நான் வேணும்னே திரும்பல. கூப்பிடுவான்னு பாத்தேன். பேப்பர்ல ஒரே வரியைப் பத்து தடவ படிக்கறேன். அவன் நிக்கறான். கூப்பிடல தம்பி. பெட்டி இல்லைன்னா பெரியவர் எப்படி இருப்பாரு, அவன் கணக்கு அப்படி. கடைசில நான்தான் திரும்பினேன். தண்ணி வேணுமாம்.

ஒரு நிமிஷம். கையை அந்தக் கதவு இடுக்குல வைக்காதீங்க, இப்ப மூடிப் பாக்கறேன். ஆ. மூடுது. திறக்குது. இன்னொரு தடவ பாப்போம்.

என்ன செஞ்சேனா? நானே கட்டினேன். வேற என்ன செய்வாங்க.

பெட்டி பழசு ஒண்ணு இருந்துச்சு, ஸ்டிக்கரோட. சின்னத் தராசு ஒண்ணு வாங்கினேன், மிளகு நிறுக்கறது. ஸ்க்ரூ போட்டு வைக்கற குட்டி பிளாஸ்டிக் கவர் எங்ககிட்ட நிறைய உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல மோட்டார் ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காருவேன். உப்பு ஒரு கவர், மஞ்சள் ஒரு கவர், சர்க்கரை ஒரு கவர். நட்டும் போல்ட்டும் ஒரு பக்கம், சோம்பும் சீரகமும் ஒரு பக்கம். ஒரு தடவ என் ஹெல்ப்பர் உள்ள வந்துட்டாரு. ஐம்பத்தாறு வயசு மனுஷன், தராசைப் பாத்தாரு, கவரைப் பாத்தாரு. வெளில போயி, யாரும் உள்ள வராதீங்க, அவரு பிஸியா இருக்காருன்னு காவல் நின்னாரு. என்ன நினைச்சாருன்னு இன்னிவரைக்கும் நான் கேக்கல.

அட்டைதான் கஷ்டம். படம் பழைய அட்டைலேர்ந்து வெட்டி ஒட்டிக்கலாம், ஆபீஸ் மெஷின்ல கலர் காப்பி எடுத்துக்கலாம். எழுதறது யாரு? எனக்குத் தெரிஞ்ச எழுத்து சர்வீஸ் ரிப்போர்ட் மட்டுந்தான். ஏற்கனவே இருந்த ரிப்போர்ட் ஒண்ணுல திருத்தி டைப் பண்ணினேன், அங்கங்க பழசு ஒட்டிட்டு நின்னுடுச்சு. மொதல் பெட்டில பொண்ணு சத்தமா வாசிக்குது. படி மூன்று. எச்சரிக்கை. மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கேரட்டைத் தொடவும்.

நான் அப்படியே நிக்கறேன். பொண்ணு இன்னொரு தடவ வாசிச்சுது. பையன் ஸ்டூலை இழுத்துட்டுப் போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்துட்டான்.

இருட்டுல கேரட் துருவினோம். ஜன்னல் வெளிச்சம் இருந்துச்சு, பாதகமில்ல. அப்புறம் போட மறந்துட்டோம். மூணு மணிக்கு வீட்டம்மா வந்து பாக்கறாங்க, ஃபிரிட்ஜுலேர்ந்து தண்ணி வழியுது, ஐஸ்கிரீம் சூப்பா கிடக்குது. பொண்ணு அட்டையைக் காட்டுச்சு. வீட்டம்மா வாசிச்சாங்க. என்னைப் பாத்தாங்க. திரும்ப அட்டையைப் பாத்தாங்க. போயி மெயினைப் போட்டாங்க.

அப்புறம் பிள்ளைங்க விளையாடப் போனதும் கேட்டாங்க. எத்தனை நாளைக்கு இதுன்னு. எதுன்னேன். உங்க டூல் பேக்ல கிராம்பு வாசனை வருதுன்னாங்க. ரத்தம் பாத்தே வியாதி கண்டுபிடிக்கறவங்க, இதுவா தெரியாது. சொல்லிடுங்க, அதுங்களுக்குப் பெட்டி வேணும்னு இல்ல, நீங்க இருந்தாலே போதும்னு எனக்குத் தோணுதுன்னாங்க.

தோணுது. அதுதான் எனக்கு உறுத்துது. எட்டு பேர் ஏறலாம்னு லிஃப்டுல போர்டு போடறோமே, தோணுதுன்னா போடறோம்? எடைக்கல்லு அடுக்கி, ஏத்தி எறக்கிப் பாத்துட்டுத்தான் போடறோம். இதுல எடைக்கல்லு எங்க போயி வாங்கறது. சொல்லிப் பாக்கறேன், பரவால்லன்னுட்டு மெதுவாக் கதவைச் சாத்திடுச்சுன்னா? அதை மெக்கானிக் வந்து திறக்க முடியாது.

அதனால நாலு பெட்டி கட்டிட்டேன். இதுவரைக்கும் ஓடுது. உள்ள மசாலா அடைச்ச தக்காளி, உருளைக்கிழங்கு வடிவம் வடிவமா வெட்டி ரொட்டியோட, இப்படி எதாவது. கடைசிப் பெட்டிக்கு முந்தினதுல பொண்ணே பையனுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் குடுத்துச்சு, மொட்டைக் கத்திதான். விரலை மடக்கு, பெரியவர் மடக்கற மாதிரின்னு சொல்லுச்சு. நான் பாத்திரம் தேய்க்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எப்படிக் குடுக்கறேன்னா? அங்கதான் இடிக்குது. பைக்ல பெட்டியை வெச்சுட்டு வருவேன். ஒன்பதே முக்காலுக்கு, தண்ணித் தொட்டி பாத்துட்டு வரேன்னு கீழ போவேன். எடுத்துட்டு மேல வந்து, கூரியர்காரரைக் கீழயே பாத்தேன், குடுத்துட்டுப் போயிட்டாருன்னுவேன். ரெண்டு தடவ ஓடுச்சு. மூணாவது தடவ பொண்ணு கேட்டுச்சு, அவரு ஏன் மேலயே வர்றதில்லன்னு. என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? லிஃப்ட் வேலை செய்யலம்மான்னேன்.

என்னை ஒரு பார்வை பாத்துச்சு. நீங்கதான அதைச் சரி பண்றவருன்னுச்சு.

ஆமான்னேன். அன்னிக்குப் பூரா அந்தப் பொண்ணு முகத்தை நான் நேரா பாக்கல.

இந்த லிஃப்டா? ஓடும் தம்பி. ரெடியாகி ஒரு பத்து நிமிஷம் ஆயிருக்கும். கோவிச்சுக்காதீங்க. சுவிட்சைப் போட்டுட்டா நீங்க போயிடுவீங்க, எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும். நீங்க உள்ள நுழையறப்பவே சட்டையைப் பாத்துட்டேன். முன்னாடி வந்தவரை உங்க ஆபீஸ்ல விசாரிச்சேன், வேற ரூட்டுக்குப் போயிட்டாராம்.

சனிக்கிழமை டூட்டி உண்டா உங்களுக்கு? பத்து மணிக்கு எந்தப் பக்கம் இருப்பீங்க? அப்படியா, ரொம்ப தூரமில்ல, ரெண்டு தெரு. அஞ்சே நிமிஷம். பெட்டியைக் கீழ பைக்கிட்ட நான் குடுப்பேன். நீங்க மேல போயி பெல் அடிக்கணும். தொப்பி போட்டுக்கங்க. போன் திரையை நீட்டினா போதும், இந்த வாரம் கையெழுத்து பையன் முறை. அவனுக்கு இன்னும் பேர் எழுத வராது, ஒரு வட்டம் போட்டு அதுக்குக் கண்ணு வைப்பான். அவசரப்படுத்தாதீங்க.

இல்ல, பெட்டி குடுக்கறது மட்டும்னா நான் உங்களைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன். பொய்யோட பொய்யா எப்படியோ சமாளிச்சிருப்பேன். விஷயம் வேற.

பழைய பெட்டில கருத்து அட்டைன்னு ஒண்ணு எப்பவாவது வரும். சுவை எப்படி, அளவு போதுமா, செய்முறை புரிஞ்சுதா, அட்டை படிக்க எளிதா இருந்துச்சா. நாலு கேள்வி, கட்டத்துல டிக் போடணும். போன வாரம் பெட்டில அதையும் அச்சு அசலா செஞ்சு வெச்சேன். வெச்சவன் சும்மா இருந்திருக்கலாம். அஞ்சாவதா ஒரு கேள்வி சேர்த்தேன். உங்களுடன் சமைக்கும் பெரியவரைப் பற்றி. அ, மாற்ற வேண்டும். ஆ, பரவாயில்லை. இ, இருக்கட்டும். ரொம்பப் பிடிக்கும்னு இன்னொரு கட்டம் போடலாமான்னு யோசிச்சேன். அதிகமா ஆசைப்படக் கூடாதுன்னு விட்டுட்டேன்.

சமைச்சு முடிச்சதும் மேசைலயே டிக் போடும்னு நினைச்சேன், ஓரக் கண்ணால பாத்துடலாம்னு. பொண்ணு அட்டையை வாசிச்சுது. நாலு வரைக்கும் சத்தமா வாசிச்சுது. அஞ்சாவதை மனசுக்குள்ள வாசிச்சுது. அப்புறம் தம்பியைக் கூட்டிட்டு ரூமுக்குள்ள போயிடுச்சு. இருபது நிமிஷம். உள்ள ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசற சத்தம், ஒரு தடவ பையன் இல்லன்னு கத்தினான். எதுக்கு இல்லன்னான்னு தெரியல. வர்றப்ப கையில ஒரு கவர், சுத்தி டேப்பு, ஈ நுழையாது. என்கிட்டக் குடும்மா, நான் போஸ்ட் பண்ணிடறேன்னேன். அட்டையைக் காட்டுச்சு. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு, கூரியர் ஊழியரிடம் மட்டுமே ஒப்படைக்கவும்னு. பழசைப் பாத்து நானே டைப் பண்ணது.

அஞ்சு நாளா அது பள்ளிக்கூடப் பைல இருக்கு. பை ஹால்லதான் கிடக்கும். நேத்து பக்கத்துல போயி ஜிப் மேல கை வெச்சேன். வெச்சுட்டு எடுத்துட்டேன். நம்பி வெச்சிருக்கு பிள்ளை.

அவ உங்ககிட்டக் குடுப்பா. பத்திரமா போய்ச் சேருமான்னு கேப்பா. சேரும்னு சொல்லுங்க, அது பொய் இல்ல. கீழ எறங்கினதும் நான் பைக்கிட்ட நிப்பேன். கவரை என்கிட்டக் குடுக்காதீங்க. நீங்களே பிரிச்சுப் பாருங்க. அஞ்சாவது கேள்வி மட்டும்.

இ-ன்னு இருந்தா தலையை ஆட்டுங்க, போதும். ஆ-ன்னாலும் ஆட்டலாம், ஆறு மாசத்துக்கு ஆ-ங்கறது நல்ல மார்க்குதான். அ-ன்னு இருந்தா, டேப்பு ரொம்ப ஒட்டியிருக்கு, பிரியல, அப்புறம் பாக்கறேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துடுங்க. நான் மேல போயி வெங்காயம் நறுக்கணும்.